கைத்தறிக்குக் கைகொடுத்த கமலாதேவி

நுழையும் முன்

கட்டிலின்மேல் விரிக்கும் விரிப்பு, சன்னலில் தொங்கும் திரைச்சீலை, விருந்தினர் வந்தால் கூடத்தில் விரிக்கும் ஜமக்காளம், குளித்தபின் துவட்டிக்கொள்ளும் துண்டு ஆகியன இல்லாத வீடு இல்லை. இவற்றுள் பல இன்றும் நம் நாட்டில் பருத்தி நூல்கொண்டு கையால் நெய்யப்படுகின்றன. இந்தியா விடுதலை பெற்ற வேளையில் இக்கைத்தொழில் மிகவும் நலிந்திருந்தது. நெய்தவர்கள் வறுமையில் வாடினர். அவர்களுடைய பிள்ளைகள் தறியை விட்டு விலகத் தொடங்கினர். அந்நிலையில் நெசவாளரையும் பிற கைவினைஞரையும் தேடிச் சென்று, அவர்களுக்கு மதிப்பும் வருவாயும் கிடைக்க வாழ்நாளெல்லாம் உழைத்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய். அவருடைய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் தாயின் உறுதியும்

அரபிக்கடலோரம் அமைந்த அழகிய நகரம் மங்களூர். அங்கே 1903 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள் கமலாதேவி பிறந்தார். தந்தையார் அனந்தையா தாரேஷ்வர், அரசுப் பணியில் உயர்பதவி வகித்தவர். தாயார் கிரிஜாபாய், நூல்களைக் கற்பதில் பேரார்வம் கொண்டவர்.

பிறந்த ஊரிலேயே தறியின் ஓசை இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு மங்களூரிலும் கண்ணூரிலும் நெசவுக்கூடங்களை நிறுவியது. இன்று கண்ணூர்ப் படுக்கை விரிப்புகளும் திரைச்சீலைகளும் உலக நாடுகளுக்குச் செல்வதற்கு அக்காலத்தில் வேரூன்றிய நெசவுத் திறனும் ஒரு காரணமாகும்.

கமலாதேவிக்கு ஏறத்தாழ ஏழு வயது ஆனபோது தந்தையார் காலமானார். அவர் உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. மனைவிக்கும் மகளுக்கும் சொத்தில் பங்கு தராத சட்டமே அன்று நடைமுறையில் இருந்தது. ஆகவே சொத்து முழுவதும் தந்தையாரின் மூத்த தாரத்து மகனுக்குச் சென்றது. தாய்க்கும் மகளுக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை தருவதாக அவர்கள் கூறினர். கிரிஜாபாய் அதனை ஏற்க மறுத்துவிட்டார். பிறர் இரங்கித் தரும் பணத்தில் வாழ்வதைவிடத் தமக்கென்று உள்ள சீர்ப்பொருளைக்கொண்டு மகளை வளர்ப்பதே மேல் என்று அவர் முடிவு செய்தார்.

சிறுமி கமலாதேவி இதனைக் கண்ணாரக் கண்டார். உரிமை வேறு, பிச்சை வேறு என்னும் பாடம் அவர் உள்ளத்தில் அன்றே பதிந்தது. பிற்காலத்தில் அகதிகளுக்கும் நெசவாளருக்கும் அவர் ஆற்றிய பணிகளுக்கெல்லாம் இப்பாடமே அடித்தளமாக அமைந்தது.

சென்னையில் கல்வி

அக்கால வழக்கப்படி 14 ஆம் வயதில் கமலாதேவிக்குத் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணவர் இறந்துவிட்டார். கைம்பெண்கள் வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று சமூகம் கருதிய காலம் அது. கமலாதேவி அவ்வாறு ஒடுங்கவில்லை. தாயின் துணையோடு கல்வியைத் தொடர்ந்தார்; சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார்.

சென்னையில் கவிஞரும் நாடகக் கலைஞருமான ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஹரீந்திரநாத், கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பி ஆவார். இருவரும் மணம் செய்துகொண்டனர். கைம்பெண் மறுமணமும் சாதி கடந்த மணமும் ஒருங்கே நிகழ்ந்ததால் உறவினரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. கமலாதேவி அதற்கு அஞ்சவில்லை. இவர்களுக்கு இராமகிருஷ்ணன் என்னும் மகன் பிறந்தான். பின்னாளில் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நேர்ந்தது.

கணவருடன் இலண்டன் சென்ற கமலாதேவி, அங்குள்ள பெட்ஃபோர்டு கல்லூரியில் சமூகவியல் பயின்றார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பற்றி அறிந்ததும் தாயகம் திரும்பிப் பொதுப்பணியில் ஈடுபட்டார்.

1926 ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிட்டார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் நின்ற முதல் பெண் அவரே. மிகச் சில வாக்குகள் குறைந்ததால் வெற்றி வாய்ப்பு நழுவியது. ஆயினும் பெண் ஒருத்தி மக்களிடம் வாக்குக் கேட்டு வரலாம் என்பதை அத்தேர்தல் நாட்டுக்குக் காட்டியது. மறு ஆண்டு தொடங்கப்பட்ட அனைத்திந்திய மகளிர் மாநாட்டு அமைப்பில் அவர் செயலாளர் பொறுப்பேற்றார்.

உப்பும் துணியும்

1930 ஆம் ஆண்டு காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். அந்நியத் துணிக் கடைகளின் முன்னும் கள்ளுக்கடைகளின் முன்னும் மறியல் செய்வதைப் பெண்கள் ஏற்கட்டும் என்பது முதலில் அவருடைய எண்ணமாக இருந்தது. உப்புப் போரிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று கமலாதேவி அவரிடம் வாதாடினார். உப்பு ஒவ்வோர் அடுப்பங்கரையிலும் இருக்கும் பொருள். அதற்கான போரில் அடுப்பங்கரையை ஆள்பவர்களை விலக்குவது முறையாகாது என்பது அவர் கருத்து. காந்தியடிகள் இசைந்தார்.

பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சிய முதல் குழுவினருள் கமலாதேவியும் ஒருவர். காய்ச்சிய உப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பங்குச் சந்தைக்குள் எடுத்துச் சென்று விற்றார். நீதிமன்றத்துக்கும் சென்று, விடுதலை உப்பை வாங்கிக்கொள்ளுமாறு நீதிபதியையே கேட்டார் என்பர். அரசு அவரைக் கைது செய்து சிறையில் அடைத்தது. அதன் பின்னரும் பலமுறை அவர் சிறை சென்றார்.

உப்பைப் போலவே துணியும் அக்காலத்தில் போராட்டத்தின் கருவியாக விளங்கியது. அதற்குக் காரணம் உண்டு. 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய பருத்தி விரிப்புகளை ஐரோப்பியச் செல்வர்கள் விரும்பி வாங்கித் தம் கட்டில்களில் விரித்தனர். கொடியும் மலரும் எழுதிய அவ்விரிப்புகளுக்கு இருந்த வரவேற்பைக் கண்டு அஞ்சிய பிரான்சும் இங்கிலாந்தும் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றின. பின்னர் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்களும் நெசவு இயந்திரங்களும் வந்தன. மான்செஸ்டர் ஆலைத்துணி இந்தியச் சந்தைகளில் மலிவாகக் குவிந்தது. துணி ஏற்றுமதி செய்த நாடு துணி இறக்குமதி செய்யும் நாடாயிற்று. வேலையிழந்த நெசவாளர் பலர் கூலிகளாக மாறினர். சிலர் கடல் கடந்தும் சென்றனர். கதராடை இயக்கம் பிறந்ததற்கு இந்நிலையே காரணம்.

வீடிழந்தோருக்கு வேலை

1947 இல் நாடு விடுதலை பெற்றது. கூடவே பிரிவினையும் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தனர். தில்லியைச் சுற்றிலும் கூடாரங்கள் நிறைந்தன.

விடுதலைப் போரில் ஈடுபட்ட பலர் அமைச்சர்களாகவும் ஆளுநர்களாகவும் பொறுப்பேற்ற காலம் அது. கமலாதேவி பதவி அரசியலை விட்டு விலகி, அகதிகளின் கூடாரங்களை நோக்கி நடந்தார். அங்கே உணவும் உடையும் இலவசமாக வழங்கப்பட்டு வந்தன. தொடக்கத்தில் அவ்வுதவி இன்றியமையாதது. ஆயினும் நாள்தோறும் வரிசையில் நின்று பிறர் கையை எதிர்பார்த்திருப்பது மனிதரின் மன உறுதியைக் குலைத்துவிடும் என்பதை அவர் உணர்ந்தார். இளமையில் தாயிடம் கற்ற பாடம் இங்கே பயன்பட்டது. அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது தொழில் என்று அவர் முடிவு செய்தார்.

அவருடைய முயற்சியால் இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் உருவாயிற்று. உழைப்போரே ஒன்றுகூடி முதல் திரட்டி, ஒன்றாகப் பொருள் வாங்கி, ஒன்றாக விற்று, வரும் பயனைப் பகிர்ந்துகொள்வதே கூட்டுறவு முறை. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த ஏறத்தாழ 50,000 அகதிகள் தில்லிக்கு அருகில் உள்ள பரீதாபாத்தில் குடியமர்ந்தனர். அந்நகரம் உருவாவதில் கூட்டுறவு ஒன்றியம் பெரும்பங்கு ஆற்றியது. தம் வீடுகளைத் தாமே கட்டும் பணியில் அகதிகள் ஈடுபட்டனர். இன்று தொழில் நகரமாக விளங்கும் பரீதாபாத்தின் தொடக்கம் இத்தகையது.

பிரிவினையின்போது மேற்கிலிருந்து வந்த நெசவாளர் பலர் பானிப்பட் நகரில் குடியேறினர். அவர்கள் சுமந்து வந்த உடைமை குறைவு; கைகளில் இருந்த திறன் பெரிது. கேஸ் எனப்படும் தடித்த பருத்தி விரிப்பை நெய்வதில் அவர்கள் தேர்ந்தவர்கள். அத்திறனே பானிப்பட்டை வீட்டு உபயோகத் துணிகளின் பெருஞ்சந்தையாக வளர்த்தது. ஊர் மாறினாலும் கைத்தொழில் மனிதரைக் கைவிடாது என்பதற்கு இதுவே சான்று.

தறியும் அதன் உழைப்பும்

கைத்தறி நெசவு ஒருவர் மட்டும் செய்யும் வேலை அன்று. ஒரு குடும்பமே அதில் ஈடுபடும். நூல் கடையிலிருந்து சிட்டம் சிட்டமாக வரும். அதனைச் சாயத்தில் தோய்த்து நிழலில் உலர்த்துவர். பின்னர் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் இராட்டையின் உதவியால் நூலைச் சுற்றி எடுப்பர்.

துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடும் இழைக்கு ஊடை என்று பெயர். அகன்ற படுக்கை விரிப்பு ஒன்றுக்குப் பாவில் மட்டும் ஆயிரக்கணக்கான இழைகள் தேவைப்படும். வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு நீவி உலர்த்துவர். மழை பெய்தால் அன்றைய வேலை கெடும். உலர்ந்த பாவின் ஒவ்வோர் இழையையும் விழுதின் கண் வழியாகவும் அச்சின் பற்களுக்கு இடையிலும் செலுத்த வேண்டும். ஓர் இழை தவறினாலும் துணி முழுவதும் கோடாகத் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே நெசவு தொடங்கும். நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் உள்ள மிதிகட்டைகளைக் கால்களால் மாற்றி மாற்றி மிதிப்பார். பாவு இரண்டாகப் பிரியும். அவ்விடைவெளியில் ஊடை நூலைச் சுமந்த நாடா இப்புறத்திலிருந்து அப்புறம் பாயும். உடனே அச்சுப் பலகை அந்த இழையை நெருக்கி அடிக்கும். கையும் காலும் கண்ணும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் துணி சீராக அமையும்.

தமிழ்நாட்டின் பவானியில் தடித்த பருத்தி நூலால் நெய்யப்படும் வண்ணப்பட்டை ஜமக்காளம் இத்தகைய உழைப்பின் பயனே. புவிசார் குறியீடு பெற்ற அந்த ஜமக்காளத்தில் அமர்ந்து உண்ணாத திருமணக் கூட்டம் ஒருகாலத்தில் கொங்கு நாட்டில் இல்லை எனலாம். சென்னிமலைப் படுக்கை விரிப்புகளும் அவ்வாறே பெயர் பெற்றவை.

இவ்வளவு உழைத்தும் நெசவாளர் ஏழையாகவே இருந்தது ஏன்? நூல் வாங்க அவரிடம் பணம் இல்லை. வணிகரிடம் கடனாக நூல் வாங்கினார். நெய்த துணியை அந்த வணிகரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. விலையை வணிகரே முடிவு செய்தார். கடன் கழிந்தது போக எஞ்சிய கூலி வயிற்றுக்குப் போதவில்லை. அத்துடன் ஆலைத்துணியும் விசைத்தறித் துணியும் குறைந்த விலையில் போட்டியிட்டன. திறமை இருந்தும் சந்தைக்கு வழி தெரியாமையே கைவினைஞரின் பெருந்துன்பம் என்பதைக் கமலாதேவி கண்டறிந்தார்.

சந்தைக்கு ஒரு வழி

1952 ஆம் ஆண்டு மத்திய அரசு அனைத்திந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தை அமைத்தது. அதன் தலைமைப் பொறுப்பைக் கமலாதேவி ஏற்றார். அதே ஆண்டில், தில்லியில் அரசு நடத்தி வந்த குடிசைத் தொழில் அங்காடியும் கூட்டுறவு ஒன்றியத்தின் பொறுப்புக்கு வந்தது. சிற்றூர்க் கைவினைஞரின் பொருள் தலைநகரின் நடுவே நேரடியாக விற்பனைக்கு வந்தது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை எனக் கைத்தறிப் பொருள்கள் நகரத்து வீடுகளுக்குள் நுழைந்தன.

அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடுவதில் கமலாதேவிக்கு விருப்பம் இல்லை. தொடர்வண்டி செல்லாத ஊர்களுக்கும் அவர் சென்றார். நெசவாளர், குயவர், மரச்செதுக்கர், பாய் முடைவோர், பொம்மை செய்வோர் ஆகியோரின் வீடுகளில் அமர்ந்து அவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனித்தார். எந்தக் கலை எந்த ஊரில் எஞ்சியுள்ளது, அதனை அறிந்த முதியவர் எத்தனை பேர், கற்றுக்கொள்ள இளையவர் உள்ளனரா என்பவற்றைக் கேட்டறிந்தார். ஒரு முதியவர் மறைந்தால் அவரோடு ஒரு கலையும் மறைந்துவிடும் நிலை பல ஊர்களில் இருந்தது.

எனவே வாரியத்தின் வழியே பல திட்டங்கள் தோன்றின. பயிற்சி மையங்கள் திறக்கப்பட்டன. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நகரங்களில் வடிவமைப்பு மையங்கள் உருவாயின. பழைய வடிவங்களைச் சிதைக்காமல் புதிய தேவைகளுக்கு ஏற்பப் பொருள்களைச் செய்வதற்கு அவை வழிகாட்டின. தேர்ந்த கைவினைஞருக்குத் தேசிய விருது வழங்கும் முறை 1965 இல் தொடங்கியது. எழுதப் படிக்க அறியாத கைவினைஞரும் நாட்டின் குடியரசுத் தலைவரிடம் விருது பெறும் நிலை உருவாயிற்று. கைத்தறித் துறையில் இதே காலத்தில் பாடுபட்ட மற்றோர் அம்மையார் புபுல் ஜெயகர் ஆவார். நெசவாளர் சேவை மையங்கள் தோன்ற அவரே காரணமாக விளங்கினார்.

மீண்டு வந்த கலம்காரி

கமலாதேவியின் முயற்சியால் உயிர்பெற்ற கலைகளுள் ஒன்று காளத்திக் கலம்காரி. கலம் என்பது எழுதுகோல். காரி என்பது வேலை. துணியின்மேல் எழுதுகோலால் வரையும் கலை என்பது இதன் பொருள்.

ஆந்திர மாநிலத்தின் திருக்காளத்தி, சிவத்தலமாகப் புகழ்பெற்ற ஊர். கோயில்களுக்கான விதானங்களையும் திரைச்சீலைகளையும் அங்குள்ள கலைஞர்கள் எழுதி வந்தனர். இராமாயணமும் மகாபாரதமும் ஒரே துணியில் கட்டம் கட்டமாக விரியும். முதலில் பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பர். பாலின் கொழுப்பு, சாயம் பரவிவிடாமல் காக்கும். வெல்லத்தையும் பழைய இரும்புத் துண்டுகளையும் நீரில் பல நாள் ஊறவைத்து வடித்தால் கோட்டுக்கு உரிய சாயம் கிடைக்கும். அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கருமையாகும். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதன்மேல் துணியோ கம்பளி இழையோ சுற்றி எழுதுகோல் ஆக்குவர். சிவப்பு நிறத்துக்குப் படிகாரமும் வேர்ச்சாயமும், நீலத்துக்கு அவுரியும் பயன்படும். ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். அதற்குப் பொன்முகலி ஆறு துணைநின்றது.

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாங்குவோர் இன்றி இக்கலை நலிந்தது. 1950களில் கைவினை வாரியத்தின் ஆதரவால் காளத்தியில் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. மூத்த கலைஞர்கள் ஆசிரியர் ஆயினர். இளைஞர்கள் ஊக்கத்தொகையுடன் கற்றனர். கோயிலில் தொங்கிய சித்திரத் துணி வீட்டுச் சுவருக்கும் கட்டிலுக்கும் உடைக்கும் வந்தது. இன்று அவ்வூரில் பல குடும்பங்கள் இக்கலையால் வாழ்கின்றன.

கைவினைப் பொருள் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இருந்தால் போதாது என்பது கமலாதேவியின் கொள்கை. அன்றாடம் தொட்டுப் பயன்படுத்தும் பொருளாக இருந்தால்தான் அதனைச் செய்பவர் வாழ்வார். செய்பவர் வாழ்ந்தால்தான் கலை வாழும் என்று அவர் நம்பினார்.

பெருமையும் நிறைவும்

1964 ஆம் ஆண்டு கமலாதேவி இந்தியக் கைவினை மன்றத்தை நிறுவினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அது இன்றும் இயங்கி வருகிறது. அதே ஆண்டில் உலகக் கைவினை மன்றம் தோன்றவும் அவர் துணைநின்றார். நாடகத்திலும் இசையிலும் ஈடுபாடு கொண்ட அவர், சங்கீத நாடக அகாதெமியிலும் பொறுப்பு வகித்தார். கைவினை பற்றியும் பெண்கள் பற்றியும் பல நூல்கள் எழுதினார்.

1955 இல் பத்ம பூஷண் விருதும், 1966 இல் மகசேசே விருதும், 1987 இல் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1988 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், 85 ஆம் வயதில் அவர் மும்பையில் காலமானார்.

அவருடைய வாழ்நாளிலேயே, 1985 இல், கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. படுக்கை விரிப்பு, துண்டு, ஜமக்காளம் முதலியன அதில் இடம்பெற்றன. 2015 முதல் ஆகஸ்டு 7 ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1905 இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளை அது நினைவூட்டுகிறது. முதல் விழா சென்னையில் நடைபெற்றது.

ஆயினும் கமலாதேவி தொடங்கிய பணி முடிந்துவிடவில்லை. 2019-20 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கைத்தறித் தொழிலில் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று கூறி விற்போர் இன்றும் உண்டு. நூல்விலை ஏறும்போதும் மழைக்காலத்தில் பாவு நனையும்போதும் நெசவாளர் வீட்டில் அடுப்பு எரிவது இன்றும் ஐயமே. நல்ல விலை கிடைத்தால் தறியில் அமர இளைஞர் வருவர். கிடைக்காவிட்டால் தறி விறகாகும்.

பரிவு மட்டும் போதாது; உழைப்புக்கு உரிய விலையும் உழைப்பவருக்கு உரிய மதிப்பும் வேண்டும். கமலாதேவி அம்மையார் தம் தாயிடம் கற்று, நாட்டுக்குக் கற்பித்த பாடம் இதுவே.

சொற்பொருள்

உயில் – இறந்தபின் சொத்து யாருக்கு என எழுதி வைக்கும் ஆவணம்
சீர்ப்பொருள் – திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் தரும் பொருள்
மறியல் – வழியை மறித்துச் செய்யும் போராட்டம்
சிட்டம் – நூற்கட்டு
பாவு – துணியின் நீளவாட்டு இழை
ஊடை – துணியின் குறுக்கு இழை
நாடா – ஊடை நூலைச் சுமந்து ஓடும் நெசவுக் கருவி
விதானம் – மேற்கட்டித் துணி
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
நலிதல் – மெலிதல், தளர்தல்

பயிற்சி

அ) ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. கமலாதேவி பிறந்த ஊர் எது?
2. சென்னையில் அவர் பயின்ற கல்லூரி எது?
3. தேசியக் கைத்தறி நாள் எது?

ஆ) பொருத்துக.
1. பவானி – கலம்காரி
2. பானிப்பட் – படுக்கை விரிப்பு
3. திருக்காளத்தி – ஜமக்காளம்
4. கண்ணூர் – கேஸ்

இ) ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. கிரிஜாபாய் மாதத்தொகையை ஏற்க மறுத்தது ஏன்? அச்செயல் கமலாதேவியின் பிற்காலப் பணிகளில் எவ்வாறு வெளிப்பட்டது?
2. திறமை இருந்தும் நெசவாளர் வறுமையில் வாடியதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. கூட்டுறவு முறை என்பது யாது? அதனால் விளையும் நன்மைகள் யாவை?

ஈ) பிரித்து எழுதுக.
கைத்தறி, கடற்கரை, கைவினைஞர், பெருந்துன்பம்

உ) சிந்தித்துப் பேசுக.
கைத்தறி விரிப்பு ஒன்றின் விலை ஆலை விரிப்பின் விலையைவிட மிகுதியாக உள்ளது. எதனை வாங்கலாம் என வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

ஊ) செயல்திட்டம்
உங்கள் வீட்டிலுள்ள விரிப்பு, துண்டு, ஜமக்காளம், திரைச்சீலை ஆகியவற்றுள் கைத்தறியில் நெய்தவை எவை எனப் பெற்றோரிடம் கேட்டறிக. அவை எந்த ஊரில் நெய்யப்பட்டவை, யார் வாங்கி வந்தவை என்பவற்றை அட்டவணையாக எழுதுக. சொந்த ஊருக்குச் செல்லும்போது அருகில் தறி இருப்பின் நேரில் கண்டு, நெசவின் படிநிலைகளைப் படமாக வரைக.